ஏழு மார்

மிதவையாகக் கட்டிய முதல் பாட்டிலைப் பிடித்து இழுத்ததுமே கயிறு கனத்தது. கட்டையாக இருக்கட்டும் என்று தீர்த்தகிரி நினைத்தார். மழை பொய்த்த வருசங்களில் அணைக்குள் முளைத்து, பிறகு வெள்ளம் வந்து மூழ்கிப்போன கருவேலமரங்கள் அங்கங்கே நிற்கின்றன. பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க அவற்றின் கொம்புகள் வலைக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்துவிடும். சிக்கினால் இப்படித்தான் கனக்கும். முப்பது வருசமாக இந்தத் தண்ணீரில் வலை போட்டு எடுக்கிற மனுசன், ஐம்பத்தாறு வயதில், கனத்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இது மீனாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. ஆனால் கட்டை துடிக்காது. இது துடித்தது. கயிற்றின் வழியாக உள்ளங்கைக்கு ஒரு இழுப்பு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பரிசலின் மறுபக்கம் துடுப்போடு உட்கார்ந்திருந்த மச்சினன் சென்றாயன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

“பட்டிருக்குதா மாமா?”

“தெரியல.”

“தெரியலன்னா? கயிறு உங்க கைலதான இருக்குது, என் கைலயா இருக்குது?”

அவர் இழுத்தார். கிழக்கே மலைக்குப் பின்னால் வெளுத்திருந்தது, தண்ணீர் இன்னும் கறுப்பாகவே கிடந்தது. வலையின் மேல் விளிம்பு வந்தது, அதற்குக் கீழே ஒரு வெள்ளை, பிறகு அந்த வெள்ளை புரண்டு தலை தெரிந்தது. கட்லா. நாலு கிலோவுக்குக் குறையாது. பரிசலுக்குள் விழுந்ததும் வாலால் அடித்தது. செவுளை விலக்கிப் பார்த்தார், செக்கச்செவேலென்று இருந்தது, கண் தெளிவாக இருந்தது. உயிரோடு இருக்கிற மீனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இரண்டு மாதமாக வலையில் வந்ததெல்லாம் நாலோ ஐந்தோ, அதுவும் செவுள் வெளுத்து, வயிறு தொளதொளத்து, எடை போடுகிறவன் விரலால் ஒரு அமுக்கு அமுக்கி ஓரமாகத் தள்ளிவிடுகிற மீன். இது சில்லென்று இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் இருந்து வந்த மீன். ஏழு மார் ஆழத்தில் போட்ட வலை. அப்படியானால் மீன் இத்தனை நாளும் ஏழு மாரில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது, எங்கேயும் இறங்கிப் போகவில்லை, போன வருசம் நின்ற இடத்தில்தான் இந்த வருசமும் நிற்கிறது. குறைந்துபோனது கயிறு அளக்கிற மனைவி பூங்காவனத்தின் கை. அந்தக் கையைத்தான் இப்போது சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மகள் மேகலாவோடு, ஊசி போட்டு எடுத்த சதைக்கு என்ன முடிவு வந்திருக்கிறது என்று கேட்பதற்காக அவள் உட்கார்ந்திருக்கிறாள். வலையை அப்படியே தண்ணீருக்குள் திரும்ப விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டால் மீதி மீன் இல்லை என்றாகிவிடுமா. கை தானாக அடுத்த முழத்தை இழுத்தது.

கோடை பிறந்தால் இந்தத் தண்ணீர் இரண்டு தண்ணீராகிவிடும். இளவயதில், வலை சிக்கினால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முங்குவார், அப்போது உடம்பே சொல்லும். மேலே வெந்நீர் மாதிரி கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற தண்ணீர், ஆறேழு ஆள் ஆழத்தில் திடீரென்று சில்லிடும், மேல் தண்ணீருக்கும் கீழ்த் தண்ணீருக்கும் நடுவில் யாரோ பாய் விரித்து வைத்த மாதிரி. மீன் அந்தப் பாய்மேல்தான் நிற்கும். அதற்கும் கீழே ரொம்பப் போனால் தண்ணீருக்கு மூச்சில்லை, அங்கே மீனும் இல்லை. வலை ஒரு மார் மேலே தொங்கினால் போச்சு, தப்பித்தவறி மாட்டுகிற மீனும் விடிவதற்குள் வெந்நீரில் செத்து நெகிழ்ந்துவிடும். ஒரு மார் கீழே போனாலும் போச்சு. விடியற்காலையில் கொஞ்சம் மேலே ஏறும், கரையோரம்கூட வரும், வெயில் பட்டதும் இறங்கிவிடும். சாயங்காலம் மேற்கத்திக் காற்று அடித்தால் சுட்ட தண்ணீர் முழுவதும் கிழக்குக் கரையில் போய் அடையும், அந்தப் பக்கம் வலையை இன்னும் இறக்கவேண்டும். இதையெல்லாம் பார்த்து, காற்றைப் பார்த்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, ஒரு எண்ணைச் சொல்வது தீர்த்தகிரியின் வேலை. ஏழு என்பார், ஆறரை என்பார். அந்த எண்ணைக் கயிறாக ஆக்குவது பூங்காவனத்தின் வேலை. பன்னிரண்டு காலி பாட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கயிறு, கயிற்றின் அடியில் வலை. கயிற்றை மாரோடு சேர்த்து இரண்டு கையையும் விரித்து அளந்து, ஒவ்வொரு பாட்டிலிலும் முடிச்சுப் போடுவாள். விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு மார். அவள் அவரைவிட உயரம். கல்யாணத்தன்று அவர் மாலை போடக் கையைத் தூக்கியபோது அவருடைய சித்தப்பன் பின்னால் இருந்து பலகை ஒன்று எடுத்துப் போடட்டுமா என்று கேட்டான். நீளமான கை அவளுக்கு. துறையில் இருக்கிற அத்தனை பரிசல்காரர்களுக்கும் அவள் அளவுதான் அளவு. எத்தனை மாருப்பா என்று கேட்டால், உன் மாரா அக்கா மாரா என்று திருப்பிக் கேட்பார்கள். புதிதாக வந்த ஒருவன் அந்தச் சொல்லைக் கேட்டு ஒருமாதிரிச் சிரித்தான். பூங்காவனம் கயிற்றைக் கீழே போடவேயில்லை. பால் குடிக்கணும்னா உங்கம்மாகிட்ட போடா தம்பி, மீன் புடிக்கணும்னா இங்க வந்து அளந்துட்டுப் போ என்றாள். அன்று துறையே சிரித்தது. அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். போன வாரம் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா மாருல கட்டி எத்தனை நாளா இருக்குது என்று கேட்டபோது, மார் என்றதும் அவருக்கு முதலில் கயிறுதான் ஞாபகம் வந்தது. எத்தனை மார் என்று கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் புத்தி.

“மாமா, இன்னொண்ணு. பின்னாடியே இன்னொண்ணு வருது பாருங்க. ரோகு.”

“புடி.”

“புடிக்கறேன், புடிக்கறேன். உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? மீன் படலன்னாலும் மூஞ்சியத் தொங்கப்போடுவீங்க, பட்டாலும் தொங்கப்போடுவீங்க. எங்கக்கா எப்படித்தான் முப்பது வருசம் இந்த மூஞ்சியப் பாத்துச்சோ.”

தை மாதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு வாரம் நல்ல மீன். தை இருபது, இருபத்தொன்று, அந்த வாக்கில்தான் குறைய ஆரம்பித்தது. இந்த வருசம் வெயில் சீக்கிரம் வந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். முடிவு கட்டினார் என்றுகூடச் சொல்லமுடியாது, அந்த நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. தண்ணீர் சுட்டுவிட்டது, மீன் இறங்கிவிட்டது, வலையை இறக்கு. ஏழு சொன்ன இடத்தில் ஏழரை சொன்னார். படவில்லை. எட்டு. படவில்லை. மற்ற பரிசல்காரர்களைக் கேட்டால் ஏழுதான் என்றார்கள். பொய் சொல்கிறான்கள் என்று நினைத்தார், எவன்தான் மீன் நிற்கிற ஆழத்தை உள்ளபடி சொல்வான். மாசி கடைசியில் ஒன்பது. ஒன்பது என்று சொன்ன அன்றைக்குப் பூங்காவனம் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அளந்தாள். அவள் அளந்த ஒன்பது ஆறுக்குமேல் இருந்திருக்காது, இப்போது தெரிகிறது. இடது முழங்கை விலாவோடு ஒட்டியபடி, வலது கை மட்டும் போய்ப் போய் வந்தது. அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்லமுடியும், எதிரெதிராக உட்கார்ந்திருக்கிற பரிசலில் ஆறடி அகலம்கூடக் கிடையாது. பார்த்தார். சோம்பல் என்று நினைத்தார். ஏதோ கோபம், வேண்டுமென்றே இப்படி அளக்கிறாள் என்றுகூட நினைத்தார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் இன்னும் அரை மார் போடு என்று அவர் சொன்னபோது, அவள் பன்னிரண்டு தடவை அந்தக் கையை விரிக்கவேண்டியிருந்தது. எட்டாக்கியபோது இன்னொரு பன்னிரண்டு. ஒன்பதாக்கியபோது இன்னொரு பன்னிரண்டு. அவள் கை குறையக் குறைய அவர் எண் கூடிக்கொண்டே போனது, எண் கூடக் கூட அவள் கை இன்னும் குறைந்தது. நடுவில் மீன் அதுபாட்டுக்கு நின்ற இடத்தில் நின்றது.

ஒரு நாள் முடியல என்றாள். சாயங்காலம், பரிசலைத் தண்ணீரில் இறக்குகிற நேரம். முடியலீங்க இன்னிக்கி என்றாள். அந்தச் சொல்லை அவள் முப்பது வருசமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வெயில் தாங்க முடியல, கொசுக்கடி முடியல, உங்க தங்கச்சி பேச்சு முடியல, சிரிச்சு சிரிச்சு முடியல. சோறு அதிகமாகப் போட்டால் முடியல. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அதில் இந்த ஒரு முடியல மட்டும் உண்மையிலேயே முடியல என்று அவர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும். முடிந்திருக்கும். குரல் வேறாக இருந்தது. உனக்கு எப்பதான் முடிஞ்சுது என்று கேட்டுவிட்டுப் பரிசலைத் தள்ளினார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஏறும்போது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவள், அன்றைக்குப் பரிசலின் விளிம்பை வலது கையால் பிடித்து ஏறினாள், பரிசல் சாய்ந்தது, பாத்து என்று அதட்டினார். அதற்கடுத்த வாரமோ என்னவோ, மீன் எடை போடுகிற கொட்டகையில், எல்லோரும் நிற்கும்போது, ஒம்போது மார் போட்டும் ஒண்ணும் படல, இவ கயிறு அளக்கறாளா கனா கண்டுட்டு உக்காந்திருக்காளான்னு தெரியல என்றார். சும்மா சிரிப்பதற்குத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நாலு நாளாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் ஏதாவது இருந்ததா. வலியில் சிரிக்கிறவர்களின் வாய் ஒரு பக்கம் இழுக்கும் என்பார்கள். இழுத்ததா. அவர் அன்று அவள் வாயைப் பார்க்கவில்லை, சிரித்த மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது பாட்டில். அதற்குக் கீழே மூன்று. சென்றாயன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூடையில் போட்டான், கூடை நிறைந்து பரிசலின் நடுவிலேயே குவிக்க ஆரம்பித்தான். சூரியன் மலைக்குமேல் வந்து கன்னத்தில் பட்டது. இவ்வளவு காலையிலேயே சுட்டது. மேகலா கண்டுபிடித்த விதத்தை நினைத்தால்தான் தாங்கவில்லை. போன வாரம் அவள் மேச்சேரியில் இருந்து சும்மா ஒரு நாள் வந்தாள். வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது. அம்மா தலை சீவிக்கொண்டிருந்தாள், இடது கையால் மயிரைப் பிடிக்காமல், சுவரில் தலையை அணைத்து வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் சீவினாள். ஏம்மா இப்படிச் சீவற என்று மேகலா கேட்டாள், கிட்டே போனாள், கதவைச் சாத்தினாள். கதவு திறந்தபோது அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். நாளைக்குக் காத்தால சேலம் போறம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். முக்கால் மணி நேரம். அவருக்கு இரண்டு மாதம் இருந்தது. சுவரில் தலையை வைத்துச் சீவுவதை அவரும்தான் பார்த்திருந்தார். ஒரு தடவை, சுண்ணாம்புச் சுவத்துல எண்ணெயாக்காத என்று சொல்லியும் இருந்தார். தனித்தனியாகப் படுக்க ஆரம்பித்து ஏழெட்டு வருசம் ஆயிற்று. அது யாரும் முடிவு செய்து நடந்ததில்லை, ஒரு கோடையில் அவர் காற்றுக்காக வாசலில் படுத்தார், மழைக்காலம் வந்தபோது உள்ளே வந்து வேறு பக்கம் படுத்தார். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, மாரில் இன்னொன்று. எந்தக் கட்டியும் ஒரே நாளில் நெல்லிக்காய் அளவுக்கு வராது. கடுகாக இருந்திருக்கும், மிளகாக இருந்திருக்கும். அந்த நாட்களில் அவர் கை எங்கே இருந்தது. கயிற்றில் இருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு, மேகலாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கையைத் தூக்கச் சொன்னாள். தோள் வரைக்கும் வரவில்லை. எத்தனை நாளா இப்படி என்று கேட்டாள். பூங்காவனம் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பத்து நாளாங்க என்றாள். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். ஆமாங்க பத்து நாளாத்தான் என்று அவரும் சொன்னார். தலையை வேறு ஆட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தெரியாமல் ஆட்டினாரா. அப்போது ஒன்றும் தெரியாது, இன்றைக்கு இந்த மீன் வந்த பிறகுதான் தெரிந்தது என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதிரி மூச்சு விடலாம். ஆனால் நேற்றுச் சாயங்காலம் என்ன செய்தார். மத்தியானம் அவளையும் மகளையும் படகேற்றிவிட்டார். நானும் வரேனே என்றார். நீங்க வந்து என்ன பண்ணப்போறீங்க, போயி வலையப் போடுங்க என்றாள், அவர் சரி என்றார், அந்தச் சரி கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது, அதுவும் அவருக்குத் தெரியும். பிறகு கரையில் உட்கார்ந்து கயிற்றை எடுத்தார். போன வாரம் வரைக்கும் ஒன்பது என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன். காற்றும் மாறவில்லை, தண்ணீர் இன்னும் அரை அடி இறங்கியிருந்தது, வெயில் கூடியிருந்தது. ஒன்பதுதான் போட்டிருக்கவேண்டும், பத்துகூடப் போட்டிருக்கலாம். அவர் கை விரிந்து ஏழு அளந்தது. தன் கையால் ஏழு, அவள் கை சற்றே நீளம் என்பதால் ஒவ்வொன்றிலும் நாலு விரல் கூட்டி ஏழு. எதற்காக ஏழு. யார் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை, அவருக்குள் யாரோ முன்பே கணக்குப் போட்டு முடித்துவிட்டிருந்தார்கள். தெரிந்திருந்தது. நேற்றே தெரிந்திருந்தது. நேற்றுத் தெரிந்திருந்தால் டாக்டரம்மா முன்னால் தலையாட்டியபோதும் தெரிந்திருக்கும். அப்போது தெரிந்திருந்தால், ஒன்பது என்று சொன்ன அன்று அவள் பார்த்த பார்வையில் தெரிந்திருக்கும். இப்படிப் பின்னால் பின்னால் போனால் இது எங்கே போய் நிற்கும். தை இருபதில் போய் நிற்குமா. ஒரு ஆளுக்கு ஒரு விசயம் தெரிந்தும் தெரியாமலும் இரண்டு மாதம் இருக்கமுடியுமா. மேல் தண்ணீர் சுடும்போது கீழ்த் தண்ணீர் சில்லென்று இருக்கவில்லையா, இரண்டும் ஒரே அணைதானே.

“மாமா.”

“ம்.”

“எத்தன மாரு போட்டீங்க?”

அவர் அடுத்த முழத்தை இழுத்தார்.

“சொல்லுங்க, நானும் நாளைக்கு அதே அளவு போடறேன். ரகசியமா வெச்சுக்காதீங்க, சொந்த மச்சான்.”

“ஏழு.”

“ஏழா?” சென்றாயன் ஒரு ஜிலேபி மீனின் முள்ளை வலையில் இருந்து விடுவித்துக்கொண்டே சிரித்தான். “அக்கா ஒம்போது போட்டும் படல, நீங்க ஏழு போட்டு இப்படி வாருது. மீனுக்கு எங்கக்காவப் புடிக்கல போலருக்குது மாமா. அது அந்தப் பக்கம் பஸ் ஏறுச்சு, இதுங்க இந்தப் பக்கம் வந்து வுழுந்துடுச்சு.”

அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. அக்காவுக்குக் கையில் ஏதோ வலி, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் போயிருக்கிறாள் என்பதுதான் அவனுக்குத் தெரியும். கட்டியைப் பற்றி அவனிடம் சொல்லவேண்டாம் என்று பூங்காவனம்தான் சொன்னாள், அவன் அழுதால் பார்க்கச் சகிக்காது என்றாள். எட்டாவது பாட்டிலைத் தாண்டியிருந்தார்கள். பரிசல் தாழ்ந்துவிட்டது, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. காலுக்கடியில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒவ்வொரு மீனும் மேலே வரும்போது அவருக்கு ஒன்றுதான் தோன்றியது, இது ஒரு நாள். இந்தக் கட்லா தை இருபத்திரண்டு. இந்த ரோகு மாசி ஐந்து. இந்த வாளை, அவள் முடியல என்று சொன்ன சாயங்காலம். அன்று பிடிபடாமல் நின்ற நாளெல்லாம் இன்று ஒரே வலையில் வந்து சேர்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. அந்த டாக்டரம்மா இன்றைக்கும் நாளைக் கேட்பாள். போன வாரமே நம்பாத மாதிரிதான் எழுதிக்கொண்டாள். எத்தனை நாள் என்பதைப் பொறுத்துத்தான் மருந்து என்று மேகலாவிடம் சொல்லியிருக்கிறாள், பத்து நாள் என்றால் ஒரு வழி, ரொம்ப நாள் என்றால் வேறு வழி. பூங்காவனம் பத்து நாள் என்றுதான் மறுபடியும் சொல்லுவாள். அவளைத் தவிர உள்ளபடி தெரிந்தவர் உலகத்தில் ஒருத்தர்தான், அவர் இங்கே நடுத்தண்ணீரில் மீன் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். சொன்னால் அவள் பொய் சொன்னதாக ஆகும். சொன்னால், பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று தன் வாயால் சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால் தப்பான மருந்து அவள் உடம்புக்குள் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனாலும் யோசித்துக்கொண்டிருந்தார், அதுதான் கேவலம்.

பத்தாவது பாட்டிலைத் தொட்டபோது சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த போன் அடித்தது. கையெல்லாம் செதில். கவரைப் பிரிக்க வரவில்லை, சென்றாயன் எட்டிப் பிரித்து, பொத்தானை அமுக்கி, அவர் கையில் கொடுத்தான். அந்த போன் பழசு, ஸ்பீக்கர் தானாகவே போட்டுக்கொள்ளும்.

“ஏங்க.”

பூங்காவனம்தான்.

“ம்.”

“சாப்ட்டீங்களா?”

“இன்னும் இல்ல. வலை எடுத்துட்டிருக்கோம்.”

“பானையில சோறு தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன், பாத்தீங்களா? கேளுங்க. டாக்டரம்மா உங்ககிட்ட பேசணுங்கறாங்க. நாள்தான் கேப்பாங்க. பத்து நாளுன்னே சொல்லுங்க.”

அவர் பாட்டில் கயிற்றை மறு கையில் சுற்றினார்.

“கேக்குதா இல்லியா?”

“எதுக்குப் பத்து நாளுங்கற?”

“சொன்னா சொன்னதக் கேளுங்க. போன வாரம் நீங்க டீ குடிக்கப் போயிருந்தப்ப எனக்கு முன்னால ஒருத்தி போனா. அவ வூட்டுக்காரர நிக்க வெச்சு இந்தம்மா என்ன கிழி கிழிச்சாங்க தெரியுமா? ஒரே வூட்ல இருந்துட்டு இத்தன மாசமா என்னத்தப் பாத்துட்டிருந்தீங்க, கண்ணு எங்க இருந்துச்சுன்னு. வெளிய வரைக்கும் கேக்குது. அந்தாளு தலையத் தொங்கப்போட்டுட்டு நிக்கறாரு, பாவம், உங்க வயசுதான் இருக்கும். உங்களால அதெல்லாம் தாங்க முடியாது. மேகலா வேற பக்கத்துல இருக்கா. பத்துன்னு சொல்லிட்டு வெச்சுடுங்க.”

அதற்காகத்தான் அவரைப் பார்த்தாளா அன்று. எத்தனை நாள் என்று கேட்டதும் அவரைப் பார்த்தாளே, அந்தப் பார்வையை அவர் ஆயிரம் விதமாகப் புரட்டிப் பார்த்திருந்தார், காட்டிக்கொடுக்காதே என்கிறாளா, நீயே சொல்லு என்கிறாளா என்று. இந்த விதத்தில் புரட்டிப் பார்க்கத் தோன்றவேயில்லை. அவள் உடம்புக்கு எத்தனை நாள் என்று கேட்டால் அவர் முகத்தைப் பார்த்து ஒரு நாளைச் சொல்கிறவள். போன் கைமாறும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது.

“ஹலோ, பூங்காவனத்தோட வீட்டுக்காரரா?” டாக்டரம்மாவின் குரல், வேகமாக, இன்னொரு வேலையைச் செய்துகொண்டே பேசுகிற குரல். “கை தூக்க முடியாம எத்தனை நாளா இருக்குது? பத்து நாள்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியல. கூடவே இருக்கறவரு நீங்கதான், கரெக்டா சொல்லுங்க.”

“தை மாசங்க.”

“என்னது?”

“தை இருபதுங்க. இல்லன்னா இருபத்தொண்ணு. அப்பதாங்க கை மொதல்ல கொறஞ்சுது. கட்டி அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும், அது எனக்குத் தெரியாதுங்க.”

“அவ்வளவு கரெக்டா எப்படி ஞாபகம் இருக்குது?”

அவர் சென்றாயனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். “அவதாங்க கயிறு அளக்கறது. ரெண்டு கையையும் விரிச்சு அளப்பா. அளவு கொறஞ்சுகிட்டே வந்துச்சுங்க. நான் மீன் கீழ போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். நெனச்சுட்டு இன்னும் போடு இன்னும் போடுன்னு…” போனை மறு கைக்கு மாற்றினார். “நான் பாத்துட்டுத்தாங்க இருந்தேன். ரெண்டு மாசமா பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

சொல்லிவிட்டார். பரிசலில் உட்கார்ந்தபடியே தலை தானாகக் குனிந்தது, முதுகு கொஞ்சம் கூனியது, அடி வாங்கப்போகிறவன் மாதிரி தோள் இரண்டும் உள்ளே வந்தன. எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கட்டும். மேகலாவின் முன்னாலேயே கிழிக்கட்டும், வெளியே பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாம் கேட்கட்டும். கண்ணு எங்க இருந்துச்சு என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்றுகூடத் தெரிந்திருந்தது. போனுக்குள் மின்விசிறி சுற்றுகிற சத்தம் வந்தது. எங்கோ ஒரு குழந்தை இருமியது. பேனா காகிதத்தில் ஓடியது, நின்றது. காத்திருந்தார்.

“சரிங்கய்யா” என்றாள் டாக்டரம்மா.

குரல் முழுக்க மாறியிருந்தது. வேகம் போய்விட்டிருந்தது.

“நீங்க சொன்னது நல்லதுங்கய்யா. இப்பவாவது சொன்னீங்களே. முடிஞ்சா நாளைக்கு ஒருதடவை வாங்க, நேர்ல பேசலாம். இல்லன்னா நாளன்னிக்குக்கூட வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. வேலையெல்லாம் முடிச்சுட்டு நிதானமா வாங்க.”

“இன்னிக்கே வரேங்க.”

“பரவால்லைங்கய்யா. மெதுவா வாங்க.”

போன் அணைந்தது. அவர் அதைக் காதருகிலேயே வைத்துக்கொண்டு, விட்டுப்போன ஏதோ ஒன்று இன்னும் வரவேண்டியிருக்கிறது என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். காற்று எழுந்து தண்ணீர் முழுவதும் சிலிர்த்தது. சென்றாயன் கையில் பிடித்திருந்த மீனைக் கீழே வைத்தான். கட்டி என்ற சொல்லை அவன் இப்போதுதான் கேட்டிருந்தான்.

“மாமா. அந்தம்மா திட்டலியா?”

“இல்ல.”

“அக்கா சொல்லுச்சே, கிழிச்சுடுவாங்கன்னு.” அவன் குரல் உடைந்துகொண்டு வந்தது. “ஏன் மாமா திட்டல?”

தீர்த்தகிரி மீதி இருக்கிற இரண்டு பாட்டில்களைப் பார்த்தார். இன்னும் நேரம் இருக்கிறவர்களைத்தான் திட்டுவார்கள். பிறகு போனைக் கவருக்குள் போட்டு, கவரை இரண்டு சுற்றுச் சுற்றி, பையில் வைத்தார்.

“அய்யான்னு கூப்ட்டாங்கடா” என்றார்.